மஞ்சாற்றைக் கடந்தவள்

எங்கள் ஊரில் மிளகு உருவும்போது பெண்கள் வெறும் பேச்சுப் பேசுகிறோம் என்று நினைக்கிறார்கள். அது பேச்சு இல்லை, கதை. அதற்குச் சட்டம் உண்டு.

பறித்து வந்த சரங்களைக் களத்தில் குவித்து, சுற்றி உட்கார்ந்து மணியை உருவும்போது நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்வோம். கதையில் ஒரு பெண் போய்க்கொண்டிருப்பாள். ஒரு கட்சி அவள் வழியில் ஒரு தடையை வைக்கும். மற்றக் கட்சி அவளை அதைத் தாண்டவைக்க வேண்டும். மூன்று முறை முயலலாம், அன்றைய குவியல் தீருவதற்குள். சாமி வந்து தூக்கிவிடக் கூடாது. மந்திரம் கூடாது, இறக்கை கூடாது. எங்கள் மலையில் ஒரு பெண்ணால் எது முடியுமோ அதை மட்டும்தான் அவளும் செய்யலாம். யாருக்காவது சந்தேகம் வந்தால் சொன்னவளே செய்து காட்ட வேண்டும்.

தோற்ற கட்சியின் தலைவி அந்த மிளகுக் காலம் முடியும்வரை கதை சொல்லக் கூடாது. "ம்" கொட்டலாம், அவ்வளவுதான். தொடர்ந்து இரண்டு வருடம் தோற்றால் அவள் இடம் போச்சு. சாகும்வரை "ம்"தான்.

போன வருடம் நான் தோற்றேன். எதிர்க்கட்சித் தலைவி என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. அவள் வைத்த முள்காட்டில் என் பெண் பாதி தூரம் போனதும் எனக்குக் கதை மறந்துவிட்டது. அவளை அங்கேயே சாகவிட்டேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. தேவனூர் நாட்டிலிருந்து இந்த அரியூர் நாட்டுக்கு வாழ வந்த நாள்முதல் வாயால் பேர் வாங்கியவள் நான். அந்த வருடம் ஊமைபோல "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் அவள் மஞ்சாற்றை வைத்தாள்.

கதை நடக்கிற நாட்டுக்குப் பேர் கிடையாது. அங்கே மழை தரையிலிருந்து மேலே பெய்யும், கேழ்வரகு மரத்தில் காய்க்கும். அதெல்லாம் எங்களுக்கு முன்னால் உருவினவர்கள் வைத்தது. மஞ்சு என்றால் எங்கள் மலையில் இறங்குகிற மேகம்.

"ரெண்டு மலைக்கு நடுவால ஓடுதுங்க," என்றாள் நாத்தனார். "தண்ணி இல்ல, மஞ்சு. பாலாட்டம் வெளுப்பு. மொழங்கால் அளவு எறங்குனா போதும், காலு தரைய உட்டுரும். ஆளப் பஞ்சாட்டம் தூக்கிட்டுப் போயிக் கீழ பாறையில அடிச்சுரும். பாறை பூரா எலும்பு. காக்கா கூட அந்தப் பக்கம் பறக்காது."

"அகலம் எவ்வளவுங்க?" என்று கேட்டாள் என் மருமகள். அவள் என் கட்சி.

"இந்தக் களத்து அகலந்தான் கண்ணு. அக்கரை நல்லாக் கண்ணுக்குத் தெரியும்."

அதுதான் அதன் கொடுமை. எட்டாத தூரம் என்றால் மனசு விட்டுப்போகும். அக்கரைப் புல் தெரிகிறது, போக முடியவில்லை.

"யானை மேல ஏறிப் போலாமுங்களே?" என்றாள் மருமகள்.

"அந்த நாட்டுல யானை கெடையாது."

"எப்ப இருந்துங்க?"

"இப்ப இருந்து."

களமே சிரித்தது. மருமகளுக்கு ரோசம் வந்துவிட்டது. கயிற்றை மரத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக் கதைப் பெண்ணை இறக்கினாள். மஞ்சு அவளைப் பட்டம்போல ஆட்டியது. பாறை விளிம்பில் தேய்ந்து கயிறு அறுந்தது. ஒரு முறை போச்சு.

அடுத்து நான். வேகமாகப் போனால் மஞ்சு பிடிப்பதற்குள் ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கொலுசைக் கழற்றச் சொன்னேன், சோற்றுத் தூக்கை வைத்துவிடச் சொன்னேன், செருப்பையும் விடச் சொன்னேன். கைவீசி ஓடவிட்டேன்.

நாத்தனார் சரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "என்னங்க அண்ணி நீங்க! கனமே இல்லாதவளத் தூக்க மஞ்சுக்கு ரெண்டு கை எதுக்குங்க? ஒரு வெரலு போதும். செத்துட்டா."

குவியலைப் பார்த்தேன். இரண்டு முறம் அளவுதான் மிச்சம்.

"சுக்குத் தண்ணி வெச்சுக் குடிங்க அண்ணி. இனி காலம்பூரா 'ம்' கொட்டோணுமில்ல, தொண்டை கட்டிக்கப் போகுது."

அவள் சொன்ன சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கனமே இல்லாதவள்.

கல்யாணமான புதிதில் ஒரு மழைக்காலம். அம்மா வீட்டிலிருந்து மரவள்ளிக் கிழங்கு, எங்கள் பேச்சில் குச்சிக்கிழங்கு, ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் வருகிறேன். என் வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையாக முன்னால் நடக்கிறார். ஓடையில் செந்தண்ணீர் இடுப்பளவு. இறங்கின வேகத்தில் அவரைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனது. குடை ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். நொச்சிப் புதரைப் பிடித்துத் தொங்கினார். நான் நட்டுவைத்த கம்பம்போல நடு ஓடையில் நின்றேன். கிழங்கு என்னை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடியாக வைத்துக் கரையேறி, மூட்டையை இறக்கிவிட்டுத்தான் அவரை இழுத்தேன். ஊருக்கு வந்து, தான் என்னைக் காப்பாற்றியதாக அவர் சொன்னார். போகட்டும், போய்ச் சேர்ந்துவிட்டார், நல்ல மனிதர்.

"அவ திரும்பி வாரா," என்றேன். "ஊட்டுக்குப் போயிக் குச்சிக்கெழங்கு மூட்டையத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு ஆத்துல எறங்குறா."

"மூட்டையா?" என்றாள் நாத்தனார்.

"மூட்டைதான். அவ கனம் ஒண்ணு, மூட்டை கனம் ஒண்ணு. இப்பத் தூக்கச் சொல்லு உன்ற மஞ்ச."

"அதெல்லாம் தூக்குமுங்க."

"அப்புறம் யானைய ஏன் புள்ள வேண்டாம்னே? கனத்துக்குப் பயந்துதானே?"

களம் கூச்சல் போட்டது, அவள் கட்சிப் பெண்களும் சேர்ந்து. அவள் விடுகிற ஆள் இல்லை.

"சரிங்க. அத்தனை கனத்தத் தூக்கிட்டு ஒரு பொம்பளை இத்தனை தூரம் நடப்பாளா? எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. சொன்னவ நடந்து காட்டோணும்."

"அத்தே, வேண்டாமுங்க, உங்க இடுப்பு…" என்றாள் மருமகள். நான் எழுந்துவிட்டேன். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தேன். சோளக்காட்டுச் சந்தைக்குப் போகக் கட்டி வைத்திருந்த பச்சை மிளகு மூட்டையை இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். முழு மூட்டை இல்லை, முக்கால்தான். பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது அடியில் கழுத்துக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. கண்ணைக் களத்தின் அந்தப் பக்கத்து எதிர்த்திண்டில் வைத்துக்கொண்டு நடந்தேன். பாதிக் களத்தில் பக்கத்தில் காலடிச் சத்தம். நாத்தனார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கூடவே வருகிறாள்.

"பாத்துங்க அண்ணி. நீங்க உழுந்தா மேல போயி அண்ணனுக்கு நான் என்னன்னு சொல்றது?"

"தள்ளிப் போ சாமி," என்றேன். "நடு ஆத்துல வெறுங்கையோட வாரியே, மஞ்சு உன்னத் தூக்கிக்கும்."

சிரித்துக்கொண்டே தள்ளிப் போனாள். நான் எதிர்த்திண்டு வரைக்கும் போய், மூட்டையை நானே சரித்து இறக்கினேன். குவியலில் இன்னும் ஒரு கை சரம் இருந்தது.

அக்கரைக்கு அதுவரை யாரும் போனதில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொன்னால்தான் உண்டு. உருவுகிற கைகளெல்லாம் நின்று என் வாயைப் பார்த்தன. எனக்கோ தொண்டை காய்ந்து கிடந்தது.

"அக்கரையில," என்றேன், "மொதல்ல ஒரு டீக்கடை."

"டீ ஆத்துறது யாருங்க அத்தே?" என்றாள் மருமகள்.

"இந்தா, இவளாட்டம் ஒருத்தி. டீ நல்லா ஆத்துவா. ஆறு பக்கத்துல இருக்குதுன்னு போறவாறவளையெல்லாம் பயங்காட்டுவா. அவ பேச்ச யாரும் நம்பறதில்ல."

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாத்தனாருக்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. சட்டம் சட்டம்தான், தோற்றவளுக்கு "ம்" மட்டும். குவியல் தீர்ந்தால் என் வாயும் நிற்கும் என்று கடைசிக் கைச் சரத்தை எடுத்து வேகவேகமாக உருவ ஆரம்பித்தாள்.