தழும்பின் வயது

யுத்தம் முடிந்த சமயம். மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப்பே கதி என்று இருந்தேன். ஸ்லைடுக்குச் சாயம் கிடைப்பதே பெரும்பாடு. இதில், திடீரென்று செத்துப்போன டிராம் கண்டக்டர் ஒருவரின் தாயார் தினமும் வந்து என் உயிரை வாங்கினாள். கூடவே மருமகள், கல்யாணமாகி வருஷம்கூட ஆகாதவள்.

“காலைல இவ சண்ட போட்டா, சாயங்காலம் அவன் பூட்டான். இவதான் கொன்னான்னு எழுதிக் குடு டாக்டரே!”

என் பொறுமை போய்விட்டது. மகனுடைய இருதயத் தசையின் ஸ்லைடையே அவளைப் பார்க்க வைத்தேன்.

“மஞ்சளா தெரியறது நல்ல சதை. செவப்பா தெரியறது மாரடைப்பு வந்து ஆறின தழும்பு. பல வருஷம் பழசு. உங்க மருமக வர்றதுக்கு முன்னாடியே விழுந்தது. இனிமேலாவது அவளை விடுங்க!”

அந்தம்மாள் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அப்பவே நெஞ்சு வலிக்குதுன்னான். வாயுன்னு ஓமத்தண்ணி குட்த்து வேலைக்கு அனுப்சிட்டேனே...”

மருமகள்தான் அவள் தோளைத் தொட்டாள்.

“நானா இருந்தாலும் அதத்தான் குட்த்திருப்பேன் அத்தை. வாங்க, வூட்டுக்குப் போலாம்.”

அத்தனை நாளும் ஏச்சு வாங்கியவள் அவள். எரிச்சல்பட்டவன் நான்.