மாலுமியை எங்கே கொண்டுபோவது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவுக்காக மன்னார் தோட்டவெளியில் எங்கள் வீட்டில் காத்திருந்த நாள்களில்தான் அந்த இணையக் கருத்துக்களத்தில் சேர்ந்தேன். நாங்கள் விரும்பிப் பார்த்த தொலைக்காட்சித் தொடர் ஒன்றை, கடலில் காணாமல்போன மாலுமி திரும்பி வந்தானா என்று சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கோபத்தில் இணையத்தில் கூடிய ரசிகர்கள் நாங்கள். ஆளுக்கொரு முடிவு எழுதினோம். என் அத்தியாயங்களுக்கு முசலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி படம் வரைந்து போடுவாள். படத்தின் கீழ் கட்டாயம் ஒரு கேள்வி இருக்கும். "வீடு வரைக்கும் வந்தவன் ஏன் கதவைத் தட்டயில்ல?" அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த அத்தியாயத்தை எழுதுவேன்.

ஒருநாள் களத்தை நடத்தியவர், இனி என்னால் ஏலாது, மாத முடிவில் மூடப்போகிறேன் என்று அறிவித்தார். எங்கே போவதென்று ஒரு கிழமை சண்டை பிடித்தோம். பலர் ஊரே கூடியிருக்கும் பெரிய சமூக வலைத்தளத்தைச் சொன்னார்கள். அங்கே சொந்தப் பெயர் வேண்டும். சிலர் புனைபெயரில் எழுதக்கூடிய சின்னத் தளம் ஒன்றைச் சொன்னார்கள். அங்கே வாசிக்க ஆளில்லை. கடைசியில் வாக்கெடுப்பு வைத்தோம்.

அவள் எனக்குத் தனியாக எழுதினாள்: "பெரிய இடமெண்டா நான் வரமாட்டன். என்ட பேரில படம் போட்டா வாப்பா வரைக்கும் போயிடும். நீங்க சின்னதுக்குப் போடுங்கோ."

"ஓம்" என்று பதில் அனுப்பிவிட்டு, பெரியதற்கே வாக்குப் போட்டேன். நிறையப் பேர் வாசிக்க வேண்டும் என்ற ஆசை. பெரியதே வென்றது; சொன்னபடியே அவள் வரவில்லை.

வாசித்தார்கள். விருப்பக் குறிகள் குவிந்தன. கேள்விதான் ஒருவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் என் அத்தியாயம் ஒன்றை யாரோ தன் பெயரில் போட்டிருந்தார். முறையிட்டேன், பதிலில்லை. அழுகையாக வந்தது. அந்த நேரத்தில் அவளோடுதான் கதைக்க வேண்டும்போல் இருந்தது.

சின்னத் தளத்தைத் தேடிப் போனேன். நாலைந்து பேரோடு அவள் அங்கே இருந்தாள். நான் விட்ட இடத்திலிருந்து கதையைப் படங்களாகவே வரைந்துகொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நான் பெரியதுக்குத்தான் போட்டனான். உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "தெரியும். ஆர் ஆர் எதுக்குப் போட்டதெண்டு கீழ பேர் கிடந்ததே. சரியான கோவம். ஆனா கதை இல்லாம எனக்கு இனி மேல வரைய ஏலாம கிடக்கு. வாங்கோ."

போனேன். அங்கே மூன்று வருடம் இருந்தோம். மாலுமியை ஐந்து விதமாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அவளுடைய கல்யாணத்துக்கு முன் ஒரேயொரு தடவை மன்னார் பஸ் நிலையத்தில் சந்தித்தோம். அவள் பையிலிருந்து வரைதல் கொப்பியை எடுத்து என் மடியில் வைத்தாள். தன் ஊருக்குப் போகும் சிலாவத்துறை பஸ் இரண்டைத் தவறவிட்டுவிட்டு, மூன்றாவதில்தான் ஏறினாள்.