கட்டைவிரலுக்குக் கீழே ஒரு விலாசம்

சிவநேசம் தன் சாரதி அனுமதிப்பத்திரத்தை ஒருவரிடமும் முழுதாகக் காட்டியதில்லை. தபால் நிலையத்தில் பொதி எடுக்கப் போனாலும் சரி, வாடகைக்கு வான் எடுக்கப் போனாலும் சரி, அவருடைய கட்டைவிரல் வீட்டு விலாசத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். மற்றவர்கள் அதிலுள்ள படத்துக்குத்தான் வெட்கப்படுவார்கள், அப்பா ஏன் விலாசத்துக்கு வெட்கப்படுகிறார் என்று வினோஜா சிறு வயதில் யோசித்ததுண்டு.

அது பயம் என்று பிறகுதான் தெரிந்தது. சிவநேசம் மாகாணத் தடுப்புச் சிறை ஒன்றில் காவலர். சனம் கேட்டால் மொன்றியல் துறைமுகத்தில் செக்யூரிட்டி என்பார். வீட்டிலும் அதையே சொல்லப் பழகியிருந்தார்கள். வீட்டுக்கு ஆட்களை அழைப்பதில்லை. தபால் பெட்டியில் பெயர் இல்லை.

ஒருநாள் சிறையில் இருந்த கைதி ஒருவன் சிரித்துக்கொண்டே, "உங்கள் முன் ஜன்னல் திரை பச்சையா?" என்று பிரெஞ்சில் கேட்டான். திரை நீலம்தான். ஆனாலும் அன்றிலிருந்து அது விலக்கப்படவேயில்லை.

அடுத்த கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அனுமதிப்பத்திர அலுவலகத்துக்குப் போனார். குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் அவள்.

"வேலைத்தல விலாசத்தைப் போடேலுமோ எண்டு கேள், பிள்ளை."

கவுண்டரில் இருந்த பெண் கனிவாகவே பதில் சொன்னாள். குடியிருக்கும் இடத்தைத்தான் போடலாம். வேலையைக் காரணம் காட்டி மாற்ற வழியில்லை.

"என்னவாம்?"

"ஏலாதாம், அப்பா."

சட்டம் படித்த படிப்பு ஒரு மறுப்பைத் தமிழில் சொல்வதற்குத்தானா உதவியது என்று மெட்ரோவில் திரும்பும்போது அவளுக்குத் தோன்றியது.

போன மாசியில் சிவநேசத்தின் அக்கா கனகவல்லி காலமானார். கடைசிக் காலத்தில் இவர்களோடுதான் இருந்தார். பக்கத்து நகரமான புரோசார்ட்டில் இருக்கும் அவருடைய மகன் தனுஜன் இணையத்தில் மரண அறிவித்தல் கொடுத்தான். எல்லாரும் போடுவதுபோல, படத்துக்குக் கீழே சகோதரர், மருமக்கள் பெயர்கள், தொலைபேசி எண்கள், கடைசியில் 'வீட்டு விலாசம்' என்று சிவநேசத்தின் விலாசம்.

சிவநேசம் அதைப் பார்த்தபோது ஐந்நூறு பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"எடு அதை," என்றார்.

"என்ன மாமா, உங்கடை விலாசம் என்ன ஆமி ரகசியமோ? விலாசம் போடாட்டி சனம் எப்பிடி வரும்? அம்மாவுக்கு நாலு பேர் வரவேண்டாமோ?"

உண்மைக் காரணத்தைச் சொன்னால் துறைமுக வேலை பொய்யாகிவிடும். பிரதிகள் பரவிய பிறகு எடுத்தும் பயனில்லை.

சனம் வந்தது. இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார்கள். மணி அடிக்கும் போதெல்லாம் சிவநேசம் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவார். எட்டாம் நாள் சடங்குக்கு முதல் நாள் பின்னேரம் வினோஜாதான் கதவைத் திறந்தாள். வெளியே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன், கையில் பழப்பை. முன்பல் இரண்டு இல்லை.

"அண்ணை நிக்கிறாரோ? நான் நிதுசன். அறிவித்தலிலை சகோதரர் எண்டு பேரைப் பாத்திட்டு வந்தனான்."

குரல் கேட்டுச் சிவநேசம் வந்தார். அவர் பின்னாலேயே தனுஜனும் வந்தான்.

"எப்பிடிச் சுகம், அண்ணை? நான் வெளியிலை வந்து மூண்டு மாசம்."

"எங்கையிருந்து வெளியிலை?" என்றான் தனுஜன்.

நிதுசன் சிவநேசத்தின் முகத்தைப் பார்த்தான். சிவநேசம் தனுஜனைப் பார்த்தார்.

"ஆரெண்டு தெரியேல்லை. நான் துறைமுகத்திலை வேலை செய்யிறன், தம்பி. நீர் ஆள் மாறி வந்திட்டீர்."

நிதுசன் ஒருமுறை தனுஜனைப் பார்த்தான்.

"ஓம், அண்ணை. மாறித்தான் வந்திட்டன் போலை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." பழப்பையை வினோஜாவிடம் கொடுத்துவிட்டு அவன் பனியில் இறங்கினான்.

தனுஜன் உள்ளே போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள். "ஆர், அப்பா?"

"சிறைக்குள்ளை ஒருக்கா ஒருத்தன் எனக்குப் பின்னாலை இரும்புத் துண்டோடை வந்தவன். இவன்தான், 'அண்ணை, பின்னாலை' எண்டு தமிழிலை கத்தினவன். அங்கை வேறை ஒருத்தருக்கும் அது விளங்கேல்லை. ஆனா நான் திரும்பினதைப் பாத்து ஆர் சொன்னதெண்டு மற்றக் கைதிகள் கண்டுபிடிச்சிட்டாங்கள். பல்லு அப்பிடித்தான் போனது."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ அவனுக்கு?"

"உள்ளை காவலன் நன்றி சொன்னா, அவனை இன்னும் அடிப்பாங்கள்."

"இப்ப வெளியிலைதானே. பஸ் தரிப்பிலை நிக்கிறான், தெரியுது. போங்கோவன்."

சிவநேசம் சப்பாத்தைக் காலில் மாட்டினார். கதவுப் பிடியில் கை வைத்தார். கூடத்தில் தனுஜன் யாருக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஓம், மாமா துறைமுகத்திலைதான். இங்கைதான் நிக்கிறார்."

பஸ் வந்தது, போனது. சிவநேசம் சப்பாத்தைக் கழற்றினார்.

இந்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். நிதுசன் பிறகு வரவில்லை. அவனுடைய விலாசம் இவர்களிடம் இல்லை. சொல்ல வேண்டிய அந்த நன்றி இன்னும் சொல்லப்படவில்லை.