இரண்டு சுற்றில் நிற்க வேண்டிய ராட்டினம்

மாமல்லபுரம் கடற்கரையில் என் சித்தப்பா கையால் தள்ளிவிடும் குதிரை ராட்டினம் ஒன்று வைத்திருக்கிறார். நடுவில் வட்டமான இரும்புத் தட்டு, அதிலிருந்து நீளும் நான்கு குழாய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குதிரை. பொங்கல் விடுமுறையில் ராட்டினம் நிற்பதற்குள் ஒரு சிறுமி குதித்துக் கையை உடைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா சண்டை போடவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டார். அன்றே ராட்டினத்தைத் தார்ப்பாயால் மூடிய சித்தப்பா மூன்று வாரம் திறக்கவில்லை.

நான் அப்போது பொத்தேரி கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். "பிரேக் போட்டா நிக்குமாம்மா?" என்று போனில் கேட்டார். நிற்கும் என்றேன். ஆனால் வெடுக்கென்று பிடித்தால் பிள்ளைகள் தெறித்து விழுவார்கள். இரண்டு சுற்றில் நிற்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு ராட்டினத்தின் நிலைமத் திருப்புத்திறன் தெரிய வேண்டும். சுற்றுகிற பொருள் நிற்க எவ்வளவு அடம்பிடிக்கும் என்பதன் அளவு அது. எடை மட்டும் போதாது. அந்த எடை நடு அச்சிலிருந்து இருக்கும் தூரத்தை அதே தூரத்தால் ஒருமுறை பெருக்கி, அதை எடையோடு பெருக்க வேண்டும். நேரில் போய் டேப் பிடித்து அளந்து, கணக்குப் போட்டுக் கொடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து வந்த வெல்டர் ஒரு பழைய ஸ்கூட்டர் பிரேக்கைக் கால்மிதியோடு பொருத்தினார்.

சனிக்கிழமை காலை குதிரைகளின் மேல் மணல் மூட்டைகளைக் கட்டி, வழக்கமான வேகத்தில் சுற்றவிட்டு மிதித்தேன். மூன்று சுற்றும் தாண்டித்தான் நின்றது.

"ரெண்டுன்னு சொன்ன?" என்றார் சித்தப்பா. "வேணாம்மா. இன்னொரு கொழந்த வுழுந்தா என்னால தாங்க முடியாது." தார்ப்பாயை எடுக்கப் போனார்.

நோட்டோடு ராட்டினத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது, அளக்கும்போது நான் போட்ட சாக்பீஸ் கோடு தட்டின் விளிம்பில் இருந்தது. அச்சிலிருந்து அளக்க வேண்டியதை விளிம்பிலிருந்து அளந்திருக்கிறேன். ஓரடி விட்டுப்போயிற்று. நான்கடி என்று எழுதியது உண்மையில் ஐந்தடி. நாலுநாலு பதினாறு, ஐயைந்து இருபத்தைந்து. ஒன்றரை மடங்குக்கும் மேல். மூன்று சுற்று ஓடியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"சித்தப்பா, மூடாதீங்க. பிரேக் நல்லாத்தான் இருக்கு. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

பிரேக்கின் பிடி கூடுவதற்காக வெல்டர் மிதியின் கம்பியை அதே விகிதத்தில் நீட்டித் தந்தார். சாயங்காலம் மூன்று முறை மிதித்துப் பார்த்தேன். மூன்று முறையும் இரண்டே சுற்று, குலுக்காமல் நின்றது. சித்தப்பா ஒரு மூட்டையை அவிழ்த்துவிட்டு அந்தக் குதிரையில் தானே ஏறிக்கொண்டார்.

"இப்ப சுத்து."

சுற்றி, நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"இன்னொரு தபா."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்தது. காலை முழுக்க ஒவ்வொரு சவாரிக்கும் சுற்றுகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் எண்ண மறந்துபோனேன்.