வியாழக்கிழமை பன்

குமுதா பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடியுமுன் ஐந்தேகாலுக்கு முதல் பிள்ளையை ஏற்றினால், செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் இரண்டு தோட்டங்களையும் சுற்றிக்கொண்டு, ஏழு மணிக்குள் பதினான்கு பிள்ளைகளையும் கோலா சிலாங்கூர் டவுன் பள்ளிகளில் இறக்கிவிட்டாக வேண்டும். மதியம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. கணவன் ரவீந்திரனுக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கும் வேலை. ஒரு வாரம் காலையில் போவான், மறு வாரம் பிற்பகலில். மகள் அன்பரசி இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து, மகன் குகன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான்.

அந்த ஒரு நாளில்தான் வாரத்துக்கான சமையலும் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மீன்காரரிடம் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் மலிந்திருந்தால் அது. இல்லையென்றால் கோழிக் கழுத்தும் எலும்பும். அதிலேயே ஒரு பெரிய சட்டி சாறு, ஒரு சட்டி பிரட்டல். முட்டைக்கோசின் வெளி இலைகளைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள். பொடியாக நறுக்கிப் பருப்போடு வதக்கிவிடுவாள். எல்லாவற்றையும் வேளைக்கு ஒரு டப்பாவாகப் பிரித்து, உறையவைக்கும் குளிர்பெட்டிக்குள் அடுக்குவாள்.

ஆனால் அவளுடைய பெருமையெல்லாம் பன்னில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு பேக்கரியில் மூன்று வருசம் பொட்டலம் கட்டியவள். மாவு பிசைய அவளை யாரும் விட்டதில்லை; பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பிறகு ஒரு பழைய ஓவன் கைக்குக் கிடைத்ததும், வாரத்துக்கு அறுபது பன் என்று ஆரம்பித்தாள். சார்டின் மீன் வைத்தது, உருளைக்கிழங்கு மசாலா வைத்தது, தேங்காய்ப்பூ வைத்தது. காலையில் வழியில் நிறுத்தி, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்குவது அதோடு நின்றது. நாலு வருசமாகப் பிள்ளைகள் பசியாறுவதும் பள்ளிக்குக் கொண்டுபோவதும் அந்தப் பன்தான். ரவீந்திரன் ஆலைக்குக் கொண்டுபோவதும் அதுதான்.

அவள் மட்டும் அதைச் சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமையில்தான். கோணலாகப் போனது, வாய் பிளந்தது என்று ஒன்றிரண்டு கழியும். அதை அடுப்படியிலேயே நின்றுகொண்டு சுடச்சுடத் தின்பாள். மற்ற நாளெல்லாம் காலை நடை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி மிச்சமான சோற்றையும் குழம்பையும் பிசைந்து சாப்பிடுவாள். பன் வெளியே போகிறவர்களுக்கு என்பது அவள் கணக்கு.

இந்த வருசம் பிப்ரவரியில் வயிற்று வலி பொறுக்க முடியாமல் மருத்துவமனையில் போய்க் காட்டினாள். கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள், அறுவை செய்து எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆறு வாரம் வேன் ஓட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அதிகம் நிற்கவும் கூடாது. கத்தியை நினைத்து அவள் பயப்படவில்லை. வேனுக்கும் ஆள் கிடைத்தது; பக்கத்து வரிசையில் குடியிருக்கும் ரமணியும் வேன் ஓட்டுகிறவள்தான், பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகத் தானே வந்து சொன்னாள். குமுதாவின் கவலையெல்லாம் சாப்பாடுதான்.

அதனால் மருத்துவமனைக்குப் போகுமுன் மூன்று ஞாயிறும் இரண்டு மடங்கு சுட்டாள். வலியை மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு மாவு பிசைந்தாள். பையில் கட்டி, ஒவ்வொரு பையிலும் நாளும் பெயரும் எழுதி ஒட்டினாள். குளிர்பெட்டி நிறைந்து மூடி அழுந்தாமல் நின்றது. ராத்திரியே எடுத்து மேசையில் வைக்க வேண்டும், காலையில் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்ட வேண்டும் என்று மூன்று பேருக்கும் பாடம் எடுத்தாள். மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு ரவீந்திரன் அவளை உட்காரவைத்தான். அவனுக்கு அந்த வாரம் பிற்பகல் வேலை. மறுநாள் வியாழக்கிழமை. பிள்ளைகள் போன பிறகு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டான். சோறு வேண்டாம், நான் சொன்ன மாதிரி ஒரு பன்னை வாட்டிக் கொடுங்கள் என்றாள்.

வாட்டிக் கொடுத்தான். ஒரு கடி கடித்தாள். மேல் தோல் அட்டை மாதிரி இருந்தது, உள்ளே உதிர்ந்தது. உருளைக்கிழங்கு நீர் விட்டு, அடிப்பக்கம் ஈரச் சேறாக ஒட்டிக்கொண்டது. மருந்து சாப்பிட்ட வாய், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பாதியை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பூ பன் கேட்டாள். அது தொண்டையை அடைத்தது. தேத்தண்ணி ஊற்றித்தான் உள்ளே இறக்க முடிந்தது.

"என்னங்க, இந்தத் தடவை மாவு சரியா வரல போல," என்றாள்.

ரவீந்திரன் தனக்கென்று ஒரு பன்னை எடுத்தான். தோசைக்கல் பக்கம் போகாமல், சோறு வடிக்கிற பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே தட்டு வைத்து, அதில் பன்னை வைத்து மூடினான். கை பழகிய வேலை அது. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"எப்பலேருந்து இப்படிச் செய்யிறீங்க?"

"ஆரம்பத்துலேருந்தே," என்றான். பிறகு மெதுவாக, "திங்கக்கெழம பரவால்ல. புதன் தாண்டுனா கொஞ்சம் கட்டியாயிரும். ஆவி காட்டுனா சரியாயிரும்லா," என்றான்.

ஆலைக்கும் ஒரு டப்பாவில் கொண்டுபோய், அங்கே சுடுதண்ணீர்க் குழாய்மேல் வைத்துச் சூடாக்கிக்கொள்வானாம். அன்பரசி உருளைக்கிழங்கைக் கரண்டியால் வழித்துத் தனியாக வறுத்துக்கொண்டு, ரொட்டியை இரண்டாக அறுத்து மார்ஜரின் தடவி மொறுமொறுவென்று வாட்டிக்கொள்வாளாம். இதெல்லாம் அவள் வேனில் இருக்கும் நேரத்தில் நடந்த காரியங்கள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாரத்துல ரெண்டு நாள் சுடுவ. ஒனக்கு ஏது நேரம்?"

குமுதாவுக்குச் சுருக்கென்றது. நாலு வருசம் தன்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பட்டது. வலியோடு பிசைந்தோமே, அது எதற்கு என்று தோன்றியது. அவன் வேலைக்குப் புறப்படும் வரை அவனிடம் பேசவில்லை. அவனும் வற்புறுத்தாமல், தண்ணீர்ப் போத்தலையும் மாத்திரையையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

மத்தியானம் குகன் வந்தான். பள்ளிப்பையை இறக்கினதும் நேராகப் போய் மைலோ கலக்கினான், டப்பாவில் மிச்சமிருந்த பன்னைப் பிட்டு அதில் முக்கினான். அவனையும் கேட்டாள். அவன் ஒளிக்கத் தெரியாதவன்.

"கெட்டியாதாம்மா இருக்கும். மைலோல முக்குனா சாஃப்டாயிரும்."

"பள்ளியில என்ன செய்வ? அங்க மைலோ ஏது?"

"அங்க தண்ணி குடிச்சுக்குவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "சில பேரு வீட்டுலேருந்து கொண்டாரத குப்பையில போடுவாங்கம்மா. நான் போட்டதில்ல. அக்காவும் போடாது. அப்பா சொல்லியிருக்கு, அம்மா தூங்காம சுட்டதுன்னு."

அவன் விளையாடப் போய்விட்டான். குமுதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். வாரத்துக்கு அறுபது பன், நாலு வருசம். ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை. ஒரு முகச்சுளிப்புக்கூட அவள் கண்ணில் பட்டதில்லை. பன் எப்படி என்று கேட்கும்போதெல்லாம் நன்றாயிருக்கிறது என்றுதான் மூன்று பேரும் சொன்னார்கள். தான் சிக்கனமாக இருந்து குடும்பத்தைத் தூக்கிச் சுமக்கிறோம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவர்களும் ஆளுக்கொரு பக்கம் சத்தமில்லாமல் தோள் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். காலையில் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கண் நிறைந்தது. அழுதால் தையல் இழுக்கும் என்று பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியைச் சமையலறைக்குள்ளேயே தள்ளிப் போடச் சொன்னாள். பெட்டியில் இன்னும் பன் இருக்கிறதே என்றான் ரவீந்திரன். இருக்கட்டும், ஒரு இருபது மட்டும் புதிதாகச் சுட்டுப் பார்ப்போம் என்றாள்.

யோசிக்க யோசிக்கத் தப்பு எங்கே என்று அவளுக்குப் புரிந்திருந்தது. பன் வெந்ததும் மேசையில் பரப்பிக் காற்றாடியைப் போட்டுவிட்டு, அவள் குழம்பு வைக்கப் போய்விடுவாள். சாறு, பிரட்டல், பொரியல் எல்லாம் முடித்துச் சாயங்காலம்தான் பையில் கட்டுவாள். அதற்குள் காற்றாடி பன்னின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பேக்கரிக்காரர் கொஞ்சம் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, பெரிய மாவோடு சேர்ப்பார். வேலை மிச்சம் என்று அவள்தான் அதை விட்டுவிட்டாள்.

அன்பரசி கூழ் காய்ச்சினாள். ரவீந்திரன் பிசைந்தான், பாய்லர் கை, மாவு பத்தே நிமிடத்தில் பட்டுப்போல் இழுத்தது. உருளைக்கிழங்கை நீர் வற்ற வதக்கி ஆறவிட்டார்கள். குகன் உருட்டிய உருண்டைகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தன, அவள் திருத்தவில்லை. வெந்து எடுத்ததும் துணி போட்டு மூடி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடனே பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார்கள். குமுதா நாற்காலியை விட்டு எழாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வதைக் கேட்டுச் செய்ய மூன்று பேர் இருப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை நாளும் அவர்களைக் கூப்பிடாதது அவள்தான்.

வியாழக்கிழமை காலையில் பிள்ளைகளும், காலை வேலைக்கு ரவீந்திரனும் அவசரமாகப் புறப்படும் நேரத்திலேயே அவளும் எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்தாள். அதே மாதிரி ராத்திரி எடுத்து வைத்து, காலையில் வாட்டின பன். பிட்டால் பஞ்சு மாதிரி பிரிந்தது. அன்பரசி கத்தியைத் தேடவில்லை. குகன் மைலோவைத் தனியாகக் குடித்தான்.

"இனிமே சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லணும்," என்றாள் குமுதா. ரவீந்திரனைப் பார்த்து, "இவ்வளவு நாளு சாப்பிட்டீங்களே. அதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல," என்றாள்.

அவன் சிரித்தான். "பசிக்கு நல்லாதான் இருந்துச்சு," என்றான்.

அதற்கப்புறம் யாரும் எதையும் மறைக்கவில்லை. அடுத்த வாரமே சார்டினில் புளிப்பு அதிகம் என்று குகன் சொன்னான். தேங்காய்ப்பூ பன் இனி ஒரு மாசத்துக்கு வேண்டாம் என்று அன்பரசி கேட்டுக்கொண்டாள். கேட்கக் கேட்கக் குமுதாவுக்கு ஒரு நிம்மதி.

ஆறு வாரமும் காசு எதுவும் வாங்காமல் பிள்ளைகளை ஏற்றிப்போன ரமணிக்கு, குமுதா பன்னிரண்டு பன் கொடுத்தனுப்பினாள். சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டாம், பெட்டியில் வைத்து வியாழக்கிழமை சாப்பிட்டுவிட்டு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு ரமணியின் குரல்பதிவு ஒன்று போனில் வந்தது. வேனுக்குள்ளேயே உட்கார்ந்து, வாயில் பன்னோடு பேசியிருந்தாள்.

"அக்கா, ரொம்ப நல்லாருக்கு. ஆனா உப்பு மட்டும் ஒரு கல்லு கொறச்சல்லா."

குமுதா வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு போய் ரவீந்திரனுக்கும் போட்டுக்காட்டினாள்.