பிரிக்காத பொட்டலம்

என் மேசை இழுப்பறையில் சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம் கிடக்கிறது. செய்தித்தாள் துண்டில் மடித்து நூல் சுற்றிக் கட்டியது. உள்ளே ஒரு பூ. இந்நேரம் காய்ந்து சருகாகியிருக்கும். அது வெள்ளை அரளியா, சிவப்பு அரளியா என்பது எனக்குத் தெரியாது.

அண்ணனுக்கு இருதய வால்வில் கோளாறு. இப்போதைக்கு மாத்திரை போதும், சில வருடங்களில் வால்வை மாற்றியாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்த மனிதர், வண்டியை விற்றுவிட்டுத் திருச்செங்கோட்டு வீட்டில் உட்கார்ந்தார். அந்தப் பணத்தை எங்கே போடுவது என்று அண்ணி என்னைக் கேட்டார். நான் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவன், கேட்கவா வேண்டும்! தொழில்நுட்பக் கம்பெனிப் பங்குகளாகப் பார்த்து வாங்க வைத்தேன். ஆபரேஷனுக்குள் நன்றாக வளர்ந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன்.

மறு வருடமே விலை சரியத் தொடங்கி, பாதிக்கும் கீழே போனது. பாடம் நடத்தும்போதும் கை செல்போனைத் தேடும். அண்ணன் மூச்சிரைக்கப் படியேறுவதைப் பார்த்தால் மறுபடி விலையைப் பார்ப்பேன். ஒரு நாள் தாங்கமுடியாமல் போய், மிச்சத்தையாவது காப்பாற்றலாம், விற்றுவிடுவோம் என்றேன். "உங்க அண்ணிகிட்டயே கேட்டுக்க" என்று அண்ணன் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணியோ, "பூக் கேட்டுப்போடலாமுங்க தம்பி" என்றார்.

கிணறு வெட்ட, பெண் எடுக்க, எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்பார்கள்; இரண்டு நிறப் பூக்களைத் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன் வைத்து, கைக்கு வரும் நிறத்தைச் சாமியின் பதிலாக எடுத்துக்கொள்வது. பங்குச் சந்தைக்கு யாரும் கேட்டதாக நான் அறியேன். மோகனூர்ப் பக்கமுள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போனோம். வெள்ளை வந்தால் வைத்திருப்பது, சிவப்பு வந்தால் விற்பது. இரண்டு பொட்டலத்தையும் கட்டியது அண்ணிதான். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. மற்றதைப் பிரிக்காமல் வாய்க்காலில் விடச்சொல்லி என்னிடம் கொடுத்தார். இருந்த குழப்பத்தில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதன்பிறகு விலை பார்க்கவே அண்ணி விடவில்லை. "சாமி சொன்னதுக்கப்புறம் தெனமும் எட்டிப் பாத்தா நல்லாவாங்க இருக்கும்?" பங்குகள் இன்னும் கொஞ்சம் இறங்கின, பிறகு மெல்ல ஏறின. ஏறாமலே போயிருக்கலாம். எத்தனையோ கம்பெனிகள் அப்படிப் போயிருக்கின்றன. ஆபரேஷன் பணம் முழுவதையும் அதில் போடாதீர்கள் என்றுதான் இன்று யார் கேட்டாலும் சொல்வேன்.

மருத்துவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது, பங்குகளின் மதிப்பு போட்டதற்கு மேலேயே இருந்தது. இன்னும் ஏறும் போலவும் இருந்தது. மறுபடி பூக் கேட்கலாமா என்று இந்த முறை நானே கேட்டேன்.

"இதுக்கென்னத்துக்குங்க தம்பி பூவு? எதுக்கு வெச்சிருந்தமோ அது வந்திருச்சு. வித்துப்போடுங்க."

விற்றேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது அண்ணன் காலையில் மலையடிவாரம் வரை நடந்துவிட்டு வந்து, "ஏன்டா, இன்னும் ஊட்டுக்குள்ளயே கெடக்கற?" என்று என் வாசலில் சத்தம் போடுகிறார். மூச்சிரைப்பு இல்லை. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. போன வாரம் அண்ணியிடம் பொட்டலத்தைக் காட்டினேன். "அதையெதுக்குங்க இன்னும் வெச்சிருக்கறீங்க" என்று சிரித்தபடி அடுப்படிக்குள் போய்விட்டார்.

உள்ளே இருப்பது சிவப்பு என்றால் எங்களைச் சாமி காப்பாற்றியது. வெள்ளை என்றால் அண்ணி காப்பாற்றினார். பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை, மறுபடி இழுப்பறையிலேயே போட்டு மூடிவிட்டேன்.