பூரணியின் படம்

“அஞ்சாதவர், கண்டிப்பு மிக்கவர், ஒழுக்காற்றுப் பொறுப்புக்குத் தகுந்தவர்” என்று கமலேஸ்வரி ரீச்சரைப் பற்றிப் பாடசாலைக் கோப்பில் எழுதியிருந்தது. பல்லி விழுந்தால் கதிரையில் ஏறி நிற்கிறவர் அவர். பிரம்பைத் தொடக் கூசுவார். லிங்கநகர் வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியில், கடற்படைச் சோதனைச் சாவடி கண்ணில் பட்டதுமே பிள்ளையாரைக் கூப்பிடத் தொடங்கிவிடுவார். இரண்டாயிரத்து ஏழில் திருகோணமலையில் அஞ்சாமல் இருந்தது அந்தக் கோப்பு ஒன்றுதான்.

அன்று கடைசிப் பாடவேளை. உயர்தர வகுப்புப் பெண்கள் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாடசாலைக்குள் கைபேசிக்குத் தடை; ஆகவே அநேகமாக எல்லாரிடமும் இருந்தது. சண்டையால் கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பூரணியிடம் மட்டும் இல்லை. அவள் சிரிக்கவுமில்லை.

ரீச்சர் ஒரு கைபேசியைப் பறித்துப் பார்த்தார். துப்பாக்கி பிடித்த ஒருத்தியின் உடம்பில் பூரணியின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே, ‘எங்கட வகுப்புப் புலி.’

சாவடியில் நேவிக்காரர் கைபேசிகளைத் திறந்து படம் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பகிடி, விளையாட்டு எதுவும் விளங்காது. ஒன்று பிடிபட்டால் போதும், பூரணி வீடு போய்ச் சேரமாட்டாள்.

“ஆர் செய்தது?”

“சும்மா பகிடிக்கு ரீச்சர்,” என்றாள் தயாளினி. “அவ ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல. அதான்...”

“உந்தப் பகிடிக்கு ஆளே இல்லாமப் போயிடும் பிள்ளை! வெளியில ஆருக்கும் அனுப்பினனீங்களா?”

“இல்ல ரீச்சர். புளூடூத்தில வகுப்புக்குள்ள மட்டும்தான்.” தயாளினியின் குரல் இப்போதுதான் உடைந்தது.

மணி அடித்தது. ரீச்சர் கதவைச் சாத்தி அதில் முதுகை வைத்தார். கால் நடுங்கியதால்தான் சாய்ந்தார். பிள்ளைகளின் கண்ணுக்கு அது கண்டிப்பு.

“எல்லாப் போனும் மேசைக்கு வரட்டும். எனக்கு அழிக்கத் தெரியாது. தயாளினி, நீர் படத்தை அழியும், நான் பாக்கிறன்.”

“என்னட்டப் போன் இல்ல,” என்றாள் ஒருத்தி.

“சொக்ஸுக்குள்ள வச்சிருக்கிறா ரீச்சர்!” என்றாள் பக்கத்தில் இருந்தவள். யாரும் சிரிக்கவில்லை.

எல்லாம் அழிந்த பிறகும் பூரணி எழும்பவில்லை. “ரீச்சர், நான் இண்டைக்கு இங்கயே இருக்கட்டா?”

“ஏலாது பிள்ளை. நிண்டா, ஏன் நிண்டனீ எண்டு சாவடியில கேப்பாங்கள்.”

“உங்களுக்குப் பயமில்லையா?”

“ஓம், பயந்தான். எழும்பும்.”

கமலேஸ்வரி ஒரு கையில் பூரணியையும் மறு கையில் தயாளினியையும் பிடித்துக்கொண்டு சாவடியைக் கடந்து, பூரணியை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.